பாமாலை, கீர்த்தனை, பின்னே ஒரு கால் ஆர்மோனியம்

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஆபீஸ் கேன்டீன்ல நடந்தது. பக்கத்து டீம் நண்பன் என் ஹெட்போனைப் பிடுங்கிக் காதுல வெச்சுப் பார்த்துட்டு, "என்னடா, கர்நாடக சங்கீதம் கேக்குற? நீ கிறிஸ்டியன் தானே?"ன்னான். "இது கிறிஸ்தவப் பாட்டு தான்டா"ன்னேன். நம்பலை. அடுத்த பாட்டு ஓடுச்சு. அமெரிக்கக் கறுப்பின மக்களோட காஸ்பல். "இது?" "இதுவும் தான்." அதுக்கு அடுத்தது பறை. ஹெட்போனைத் திருப்பிக் குடுத்துட்டு, "உங்க ஆளுங்களுக்கு ஒரு முடிவே கிடையாதா?"ன்னு கேட்டுட்டு ரெண்டாவது தடவை சாம்பார் வாங்கப் போயிட்டான்.

அவனுக்குச் சொல்லாம விட்டதை இங்கே எழுதி வெச்சிடலாம்னு தோணுச்சு. முதல்லயே ரெண்டு விஷயம். ஒண்ணு, எனக்கு சங்கீதம்னா கேள்வி ஞானமும் கொஞ்சம் கீபோர்டும் மட்டும் தான். ரெண்டு, ஒழுங்கா கோயிலுக்குப் போற ஆளுன்னு என்னைச் சொல்ல முடியாது (அம்மா இதைப் படிக்க மாட்டாங்கங்கிற தைரியத்துல எழுதறேன்). ஆனா பாட்டு மட்டும் என்னை விடலை.

எங்க ஊர் நெல்லைப் பக்கம். சி.எஸ்.ஐ. கோயில். (நாங்க சர்ச்சைக் கோயில்னு தான் சொல்லுவோம், குழம்பிடாதீங்க.) எங்க கோயில்ல ஒரே புத்தகத்துல ரெண்டு உலகத்தை பைண்டு பண்ணி வெச்சிருப்பாங்க. முன்பாதி பாமாலை, பின்பாதி கீர்த்தனை.

பாமாலைங்கிறது வெளிநாட்டு மெட்டு, தமிழ் வார்த்தை. 1706-ல சீகன்பால்க் தரங்கம்பாடியில வந்து இறங்கினதுல இருந்து ஆரம்பிச்ச கதை. ஜெர்மன்காரங்க அவங்க பாட்டை மொழிபெயர்த்தாங்க, அப்புறம் இங்கிலீஷ்காரங்க வந்து அவங்க பாட்டைச் சேர்த்தாங்க. மெட்டு அங்கே பிறந்தது, வார்த்தை இங்கே பிறந்தது, கல்யாணம் மட்டும் பெரியவங்க பார்த்து பண்ணி வெச்சது. அதனால குறிலை நெடிலா இழுக்க வேண்டி வரும். 'மனம்'னு எழுதியிருக்கும், மெட்டுல பாடினா 'மானம்' ஆயிடும். சின்ன வயசுல இதைக் கேட்டுச் சிரிச்சு அப்பாகிட்ட கொட்டு வாங்கியிருக்கேன்.

ஆனா என்ஜினியர் ஆன பிறகு பாமாலை மேல ஒரு தனி மரியாதை வந்துடுச்சு. காரணம், ஒவ்வொரு பாட்டுக்கும் மேல இருக்கிற அந்த எண்கள். 8.7.8.7, 8.6.8.6ன்னு போட்டிருக்கும். ஒரு அடியில எத்தனை அசைங்கிற கணக்கு. எண்ணிக்கை பொருந்தினா எந்தப் பாட்டையும் எந்த மெட்டுலயும் பாடலாம். சுத்தமான இன்டர்ஃபேஸ் டிசைன்! ஜான் நியூட்டன் எழுதின 'அமேசிங் கிரேஸ்' புத்தகத்துல அச்சானது 1779-ல. இன்னைக்கு உலகமே பாடற அந்த மெட்டோட அதைச் சேர்த்தது வில்லியம் வாக்கர்ங்கிற அமெரிக்கர், 1835-ல. 56 வருஷம் அந்த வார்த்தைகள் வேற வேற மெட்டுல சுத்திக்கிட்டு இருந்திருக்கு. 2001-ல 'பிளைண்ட் பாய்ஸ் ஆஃப் அலபாமா' குழு அதையே 'ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்' மெட்டுல பாடி ரெக்கார்டு பண்ணினாங்க. ஒரு தடவை கேட்டுப் பாருங்க, அதுக்குன்னே செஞ்ச மாதிரி உட்காரும்.

பாமாலையோட இன்னொரு அழகு நாலு குரல். எங்க அப்பா கொயர்ல பேஸ். காலையில ஷேவ் பண்ணிக்கிட்டே தன் பாகத்தை மட்டும் தனியா பாடுவார். அதைத் தனியா கேட்டா பாட்டு மாதிரியே இருக்காது, தண்ணி மோட்டார் ஓடற மாதிரி இருக்கும். ஞாயித்துக்கிழமை மத்த மூணு குரலோட சேரும்போது தான் அந்த மோட்டார் எதுக்குன்னு புரியும்.

பின்பாதி கீர்த்தனை. பல்லவி, அனுபல்லவி, சரணம், மேலே ராகம், தாளம் எல்லாம் போட்டிருக்கும். இங்கே ரெண்டு வேதநாயகத்தைப் பலபேர் குழப்பிக்கிறாங்க. 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதினவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889). கத்தோலிக்கர். சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் அவரோடது. எங்க புத்தகத்துல நிறைஞ்சு இருக்கிறவர் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). திருநெல்வேலியில பிறந்து, சுவார்ட்ஸ் ஐயர் கூட்டிட்டுப் போய்த் தஞ்சாவூர்ல படிக்க வெச்சவர். சரபோஜி மன்னரும் அதே சுவார்ட்ஸ் கையில வளர்ந்தவர் தான். சாஸ்திரியார் குறவஞ்சியைக் கூட விடலை, 'பெத்லகேம் குறவஞ்சி'ன்னு எழுதிட்டார்! அதே தஞ்சாவூர்ல தான் பின்னால ஆபிரகாம் பண்டிதர் சித்த வைத்தியத்துல சம்பாதிச்ச காசைப் போட்டு இசை மாநாடு நடத்தி, 1917-ல 'கருணாமிர்த சாகரம்'ங்கிற அந்தப் பிரம்மாண்டமான புத்தகத்தைக் கொண்டு வந்தார்.

எனக்குப் பிடிச்சது கீர்த்தனையா பாமாலையான்னு கேட்டா, கேட்கறதுக்குக் கீர்த்தனை, சேர்ந்து பாடறதுக்குப் பாமாலை. இப்ப இப்படிச் சொல்றேன். பதினேழு வயசுல என்ன சொன்னேன்ங்கிறது தான் இந்தப் பதிவோட விஷயமே.

அதுக்கு முன்னாடி கேசட் காலம். எங்க வீட்டு அடுப்படியில பாதர் பெர்க்மான்ஸ் குரல் கேக்காத காலை கிடையாது. ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள் வரிசையா வரும், அம்மா தோசை சுட்டுக்கிட்டே கூடப் பாடுவாங்க. பாமாலைக்காரங்களும் கீர்த்தனைக்காரங்களும் ஒண்ணு சேர்ந்து முகம் சுளிக்கிற வகை இது. ராகம் எளிசு, நாலு கார்டு தெரிஞ்சாப் போதும். ஆனா அந்த நாலு கார்டை வெச்சுத் தான் நான் கீபோர்டே கத்துக்கிட்டேன். வீட்டுக்காரர் துபாய்ல, மாமியார் படுக்கையிலன்னு இருந்த எங்க பக்கத்து வீட்டு அக்கா அந்தப் பாட்டுகளைத் தான் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. அவங்க முன்னாடி போய் ராக சுத்தம் பேச எனக்கு வாய் வராது.

அப்புறம் வந்தது ஹில்சாங் வகையறா. எலக்ட்ரிக் கிட்டார், டிரம்ஸ். மெதுவா ஆரம்பிச்சு, ஏறி ஏறி, ஒரே நாலு வரியை எட்டு தடவை பாடி, அப்புறம் எல்லாத்தையும் நிறுத்தி, மறுபடி எட்டு தடவை. பிரேக் எழுத மறந்த லூப் மாதிரி. இப்ப மூணாவது சுத்துல எனக்குக் கொட்டாவி வருது. ஆனா பன்னெண்டாம் வகுப்புல அது தான் எனக்கு உலகம். அந்த நாலு வரி மூணாவது தடவை ஏறும்போது முதுகுல சில்லுன்னு ஒண்ணு ஓடும். அதைப் பொய்னு இன்னைக்கும் சொல்ல மாட்டேன்.

2014-ல எங்க வாலிபர் கூடுகையில கேக் வித்து, கார் கழுவி, கிறிஸ்துமஸ் ரவுண்ட்ஸ் காணிக்கையைச் சேர்த்து ஒரு கீபோர்டும் டிரம்ஸும் வாங்கினோம். ஆராதனையில வாசிக்க கமிட்டி அனுமதி வேணும். லெட்டர் எழுதினது நான் தான். ரெண்டு பக்கம். "வாலிபர்கள் வேறு சபைகளுக்குச் செல்லும் இக்காலத்தில்..."னு ஆரம்பிச்சு கமிட்டியோட அடிவயித்துல கைய வெச்சிருந்தேன். அனுமதி கிடைச்சுது.

அதுவரைக்கும் எங்க கோயில்ல ஒரு கால் ஆர்மோனியம் இருந்தது. காலால மிதிச்சு வாசிக்கிறது. அதை வாசிச்சவர் ஒரு ரிட்டயர்ட் வாத்தியார். ஆர்மோனியம் சார்னு தான் எல்லாரும் சொல்லுவோம். முப்பது வருஷத்துக்கு மேல ஒரு ஞாயிறு விடாம வாசிச்சவர். ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்கே வந்து பெட்டியைத் துடைச்சு வெச்சிருப்பார்.

டிரம்ஸ் வந்த அன்னைக்கு இடம் பத்தலை. நானும் இன்னும் ரெண்டு பசங்களும் ஆர்மோனியத்தைத் தூக்கிட்டுப் போய் வெஸ்ட்ரியில, பழைய பாய்களுக்குப் பக்கத்துல வெச்சோம். சார்கிட்ட யாரும் கேக்கலை. அவர் வந்தார், பார்த்தார், நாலாவது பெஞ்சுல போய் உட்கார்ந்தார். அதுக்கப்புறம் ஒவ்வொரு வாரமும் அதே பெஞ்சு. ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. அடுத்த வருஷம் நான் காலேஜ் போயிட்டேன், அப்புறம் சென்னை, ஓ.எம்.ஆர்., ஐ.டி. வேலை.

சென்னை என் காதைத் திறந்து விட்டது. இங்கே மேற்கத்திய கோரல் இசைக்கு ரொம்பப் பழைய வேர் உண்டு, மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் ஆரம்பிச்சதே 1893-ல. ஒரு டிசம்பர்ல நண்பன் இழுத்துட்டுப் போக, ஹேண்டலோட 'மெசையா'வை முதல் தடவை நேர்ல கேட்டேன். 1741-ல 24 நாள்ல எழுதி முடிச்சாராம் மனுஷன். நான் 24 நாள்ல ஒரு மாட்யூல் கூட முடிச்சதில்லை. 1742 ஏப்ரல் 13-ந்தேதி டப்ளின்ல முதல் கச்சேரி. கூட்டம் தாங்காதுன்னு பெண்கள் வளையம் வெச்ச பாவாடை கட்டாம வரணும், ஆண்கள் வாளை வீட்டுலயே விட்டுட்டு வரணும்னு கேட்டுக்கிட்டாங்களாம். வசூல் தர்மக் காரியத்துக்கு, கடனுக்காக ஜெயில்ல கிடந்தவங்களை மீட்கறதுக்கும் சேர்த்துத் தான். அல்லேலூயா கோரஸுக்கு எல்லாரும் எழுந்து நின்னப்போ பேஸ் குரல்கள்ல என் அப்பாவோட தண்ணி மோட்டார் கேட்டுது. ஊருக்குப் போன் பண்ணினேன்.

அப்புறம் காஸ்பல். தாமஸ் டார்சின்னு ஒருத்தர். 'ஜார்ஜியா டாம்'ங்கிற பேர்ல ப்ளூஸ் பியானோ வாசிச்சவர். ப்ளூஸ்னா அன்னைக்குச் சபைக்காரங்களுக்கு சாராயக்கடைப் பாட்டு. அந்தச் சாயலைக் கோயில் பாட்டுக்குள்ள கொண்டு வந்ததுக்காகப் பல சபைகள் கதவைச் சாத்தினாங்க. 1932-ல அவர் வெளியூர்ல இருக்கும்போது பிரசவத்துல மனைவி இறந்துட்டாங்க, குழந்தையும் பிழைக்கலை. அந்தத் துக்கத்துல எழுதினது தான் 'பிரெஷியஸ் லார்ட்'. 1968-ல மார்ட்டின் லூதர் கிங்கோட இறுதிச் சடங்குல மஹாலியா ஜாக்சன் அதைத் தான் பாடினாங்க. நான் அதை ராத்திரி கேப்ல மட்டும் தான் கேக்கறது. பகல்ல கேட்டா வேலை ஓடாது.

கடைசியா வந்து சேர்ந்தது தியாபிலஸ் அப்பாவு (1940–2005). பரட்டை அண்ணன்னு சொன்னாத் தெரியும். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில பாடம் நடத்தினவர். முழு ஆராதனை முறையையே நாட்டுப்புற மெட்டுல, கிராமத்துப் பேச்சுத் தமிழ்ல அமைச்சவர். பறை சாவுக்கு அடிக்கிறது, அதை அடிக்கிறவங்க இன்ன ஆளுங்கன்னு வாசலோட நிறுத்தின அந்தப் பறையைப் பலிபீடத்துக்கு முன்னாடி கொண்டு வந்தவர்.

இதையெல்லாம் படிக்கப் போன இடத்துல தான் எனக்கு ஒரு அடி விழுந்தது. என்னை உருக வெச்ச அதே சாஸ்திரியார், 1820-களோட கடைசியில, தஞ்சாவூர்ச் சபையில சாதி வித்தியாசம் கூடாதுன்னு புது மிஷனரிகள் சொன்னப்போ, அதை எதிர்த்து வரிஞ்சு கட்டி எழுதியிருக்கார். ரெண்டு நாள் கீர்த்தனையே கேக்கப் பிடிக்கலை. நியூட்டன் கதையும் அப்படித் தான். அடிமைக் கப்பல் கேப்டன். மனசு மாறினேன்னு சொன்னதுக்கு அப்புறமும் சில வருஷம் அந்த வியாபாரத்துல இருந்தவர். 1788-ல தான் அதை எதிர்த்துப் புத்தகம் போட்டார். ஆனா போட்டார். சாஸ்திரியார்கிட்ட அந்த இரண்டாவது பாகம் எனக்குக் கிடைக்கலை. பாட்டையும் தூக்கிப் போட முடியலை, ஆளையும் விட்டுக்கொடுத்துப் பேச முடியலை. இன்னைக்கு வரைக்கும் அப்படியே தான் இருக்கு.

போன டிசம்பர்ல ஊருக்குப் போயிருந்தேன். ஆராதனையில புதுப் பையன் ஒருத்தன் கீபோர்டுல ஒரு கீர்த்தனை வாசிச்சான். என்னமோ சரியில்லை. காதுல கல்லு மாதிரி இடறுது. ரெண்டாவது சரணத்துல பிடிபட்டுச்சு. பாட்டு ரூபக தாளம், மூணு மூணா எண்ணணும். கீபோர்டு ஸ்டைலோ நாலு. ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு எண்ணிக்கை சும்மா நின்னு காத்திருக்கு. நல்லா நடந்துக்கிட்டு இருந்தவனுக்குக் கட்டைக்கால் மாட்டி விட்ட மாதிரி. 'யார்றா இப்படிப் பழக்கினது'ன்னு நினைச்ச அடுத்த நொடி பதில் தெரிஞ்சுடுச்சு. 2014-ல அந்த ஸ்டைலை முதல்ல போட்டவன் நான். பத்து வருஷமா ஒரு சபையே அந்தப் பாட்டை நொண்டி நொண்டிப் பாடிட்டு இருக்கு. புரொடக்ஷன்ல நான் விட்ட பக்லயே ரொம்ப நாள் ஓடினது இது தான்.

நாலாவது பெஞ்சைப் பார்த்தேன். சார் இல்லை. நடக்க முடியறதில்லைன்னு அப்பா சொன்னார்.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். டீச்சர் (அவங்க வீட்டம்மாவும் வாத்தியார் தான்) காபி குடுத்தாங்க. சார் கை லேசா நடுங்குது. "வாடே, சென்னைக்காரரு"ன்னார். விஷயத்தைச் சொன்னேன். ரூபகம், நாலு, நொண்டி எல்லாம்.

"இப்பத்தான் காது கேக்குதோ?"ன்னார்.

"சார், அந்த லெட்டர்..."

"நீ எழுதுனதுதானல? நல்ல தமிழு. ஆனா ரெண்டு பக்கத்துல 'காலத்திற்கேற்ப'ன்னு ஆறு எடத்துல போட்டிருந்த. எண்ணுனேன்."

சார் அப்ப கமிட்டியில இருந்தாருங்கிறதே எனக்கு அன்னைக்குத் தான் ஞாபகம் வந்தது. "எதிர்த்து ஒண்ணும் சொல்லலையே சார் நீங்க?"

"எதுக்கு எதுக்கணும்? மொதல்ல கையத் தூக்குனதே நான்தான்."

நான் முழிச்சேன். அவர் சொன்னது இது. அவருக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும்போது அறுப்பின் பண்டிகைக்கு ஒரு கும்மிப் பாட்டு கட்டியிருக்கார். தப்பு அடிக்கக் கீழத்தெரு பசங்க நாலு பேரை ஒரு மாசம் பழக்கியிருக்கார். பண்டிகை அன்னைக்குப் பெரியவங்க, சாவுக் கொட்டைக் கோயிலுக்குள்ள ஏத்தக் கூடாதுன்னுட்டாங்க. பசங்க காம்பவுண்டுக்கு வெளியே தப்போட நின்னாங்க. இவர் உள்ளே ஆர்மோனியத்தோட மட்டும் பாடி முடிச்சார்.

"அவனுவளும் நம்ம சபைதான்டே. அன்னைக்கு நானும் வெளிய போயி நின்னுருக்கணும். நிக்கல. பொட்டிய விட்டு எந்திரிக்க மனசு வரல. அதான் ஒங்க டிரம்ஸு வந்தப்ப, இதையாவது தடுக்கக் கூடாதுன்னு கையத் தூக்குனேன்."

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசலை. அப்புறம் அவரே, குரலை உயர்த்தாம, "ஆனா லெட்டர்ல பொட்டிய எடுக்கணும்னு இல்லையே. அதை ஏன்டே எடுத்தீங்க?"ன்னார்.

"எடம் பத்தலை சார்"னு சொல்ல வாயைத் திறந்தேன். இடம் இருந்தது. கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தா தாராளமா ரெண்டும் இருந்திருக்கும். எங்களுக்கு அது அங்கே இருக்கிறது அசிங்கமா பட்டுது, அவ்வளவு தான். அதையே சொன்னேன். தலையை ஆட்டினார். மன்னிச்சேன்னும் சொல்லலை, மன்னிக்கலைன்னும் சொல்லலை. "சரி, கையக் காட்டு"ன்னு சொல்லி என் தொடையில ரூபகம் போட ஆரம்பிச்சார்.

மறுநாள் வெஸ்ட்ரியில போய்ப் பார்த்தேன். துருத்தித் தோலை எலி கடிச்சிருந்தது. திருநெல்வேலி டவுன்ல ஒருத்தரைப் பிடிச்சு, ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆச்சு. ரெண்டு கட்டை இன்னமும் பேசாது. பெட்டி இப்ப சார் வீட்டுத் திண்ணையில இருக்கு. வாசிக்கச் சொன்னா, கையைக் காட்டி, "நீ வாசி, நான் தாளம் போடுதேன்"ங்கிறார். சனிக்கிழமைல வீடியோ கால்ல பாடம். இதுவரை ஒண்ணரைக் கீர்த்தனை ஆயிருக்கு. ரெக்கார்டு பண்ணி வெச்சிருக்கிறதுல பாதி நேரம் எனக்குத் திட்டு. ஒரு நாள் எங்க அப்பா பக்கத்துல உட்கார்ந்து பழக்கதோஷத்துல பேஸ் போட, "யோவ், கீர்த்தனையில என்னவே மோட்டாரு?"ன்னு அவருக்கும் விழுந்தது :)

அந்தப் புதுப் பையன்கிட்டயும் சொல்லி ஸ்டைலை மூணுக்கு மாத்தியாச்சு. சபை தான் பழைய பழக்கத்துல நாலாவது எண்ணிக்கைக்கு இன்னும் காத்து நிக்குது.

கடைசியா ஒண்ணு. இந்த வருஷ அறுப்பின் பண்டிகையில கோயிலுக்குள்ள தப்பு அடிக்க அனுமதி கேட்டு கமிட்டிக்கு இன்னொரு லெட்டர் எழுதியிருக்கேன். சாரோட பழைய கும்மிப் பாட்டு தான். அன்னைக்கு வெளியே நின்ன நாலு பேர்ல ரெண்டு பேர் இருக்காங்க, அவங்க பேரன்மார் அடிக்கறாங்க. இந்தத் தடவை ஒரே பக்கம். 'காலத்திற்கேற்ப' ஒரு இடத்துல கூட இல்லை. சார் எண்ணிப் பார்த்துட்டுத் தான் அனுப்பச் சொன்னார்.

பதில் இன்னும் வரலை. வந்தா சொல்றேன். அதுவரைக்கும் உங்க வீட்டு அடுப்படியில, உங்க கோயில்ல, உங்க ஊர் கொட்டகையில எந்தப் பாட்டு ஓடுச்சுன்னு நீங்க சொல்லுங்க, கேப்போம்.